ஆண்டு விழாவில் 'காட்டுவாசி' வேஷம்: மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா உங்க யோசனை வேணும்.

மகள் மூணாம் வகுப்பு. ஆண்டு விழாவில் அவள் குழுவுக்குப் 'பழங்குடி நடனம்'. நேத்து வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது: இலைப் பாவாடை, முகத்துக்குக் கறுப்புச் சாயம், எலும்பு மாலை, அட்டை ஈட்டி. ஈட்டி முனைக்கு வெள்ளித்தாள் ஒட்டிக்கிட்டு இருந்தேன். "ஊலலா"ன்னு கத்திக் குதிச்சுக் காட்டினாள். கை அப்படியே நின்னுபோச்சு. அவள் வகுப்பிலேயே ஓர் இருளர் பையன் படிக்கிறான்.

இருளர்களைப் பத்திச் சொன்னேன். 1978-ல் தொடங்கின அவங்க கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில் இருக்கு. பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தர்றாங்க. 2023-ல் பாம்பு பிடிக்கிற இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது. கண் விரியக் கேட்டாள்.

அடுத்து நீலகிரித் தோடர்களோட புத்துக்குளிப் போர்வையைப் படத்தில் காட்டினேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமா நூல் வேலை. "அப்போ இதைப் போர்த்திட்டு ஆடட்டுமா?"ன்னு கேட்டாள். இங்கேதான் திணறுறேன். இறந்தவங்களுக்கும் போர்த்தி வழியனுப்புற துணி அது. தோடர் பெண்கள்கிட்ட விலை கொடுத்து வாங்கிப் போர்த்துறது வேற, மேடைக்கு வேஷமா மாட்டிக்கிறது வேற. இதை எட்டு வயசுக்கு எப்படிச் சொல்வீங்க?

டீச்சர் நல்லவங்க, மனசு நோகாம பேசணும். இப்படி ஒரு நிகழ்ச்சியை மாத்தவச்ச பெற்றோர், ஆசிரியர் இருந்தா, என்ன பேசினீங்கன்னு எழுதுங்க. பழங்குடித் தோழர்கள் இருந்தா, மேடையில் எதைப் பார்த்தா உங்களுக்குச் சந்தோஷம்னு சொல்லுங்க. விழா வர்ற சனிக்கிழமை. அந்தப் பையனுக்கும் இதே பட்டியல்தான் போயிருக்கு.