ஏரித் தண்ணீரும் அடிச்சேற்றுப் பாஸ்பரசும்

எல்லோருக்கும் வணக்கம்.

கழிவுநீர் வருவதை நிறுத்திவிட்டால் ஏரி தானே தெளிந்துவிடாதா என்று போன மடலில் கேட்டிருந்தீர்கள். தெளியும். எத்தனை வருடத்தில் என்பதுதான் ஏரிக்கு ஏரி மாறும்.

தண்ணீரைப் பச்சையாக்கும் பாசிக்கு முக்கியத் தீனி, கழிவுநீரோடு வரும் பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோவில் 1973இல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226ஆம் எண் ஏரியின் குறுக்கே திரை கட்டி, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள், பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேலென்று கிடக்கும்.

அமெரிக்காவில் சியாட்டிலை ஒட்டிய வாஷிங்டன் ஏரிக்குள் போன கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள், சில வருடங்களிலேயே தண்ணீர் தெளிந்தது, அப்புறம் 1976 வாக்கில் பாசியைத் தின்னும் டாப்னியா என்ற மிகச் சிறிய நீர்ப்பிராணி பெருகி இன்னும் தெளிந்தது. அது ஆழமான ஏரி. ஆழமில்லாத ஏரிகளில் கதை வேறு. பல காலம் வந்து சேர்ந்த பாஸ்பரஸ் அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்து கிடக்கும். கோடையில் அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தப் பிணைப்பு விட்டு மறுபடி தண்ணீருக்குள் வந்துவிடும். வெளியிலிருந்து வருவது நின்ற பிறகும் ஏரி நிலைக்கு வர 10, 15 வருடம் ஆவது சாதாரணம். இரண்டு வருடம் பார்த்துவிட்டு 'ஒன்றும் மாறவில்லை' என்று கைவிட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. சுத்தம் செய்கிறோம் என்று நீருக்கடியில் வளரும் செடிகளையும் சேர்த்து வழித்து எடுத்துவிடுகிறார்கள். சேற்றைக் கலங்காமல் பிடித்து வைப்பதும், மீன் கண்ணில் படாமல் டாப்னியா ஒளிந்துகொள்ள இடம் தருவதும் அந்தச் செடிகள்தான். அவை போனால் ஏரி கலங்கலிலேயே நின்றுவிடும், கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காததால் புதுச் செடியும் முளைக்காது.

ஏரியைச் சீராக்கப் பணம் திரட்டும் முன், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளந்து எழுதத் தொடங்குவோம். கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பாகம் பூசிய 20 செ.மீ. தட்டு போதும், செக்கித் தட்டு என்பார்கள். படகின் நிழல் பக்கமாகக் கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தையும் மேலே இழுக்கையில் மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும், அதே இடத்தில், நடுப்பகல் வாக்கில். யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் பதிவேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.