இன்பாக்ஸில் 14,000 மெயில்: அழித்து அழித்துக் கை வலிக்கிறது, உதவுங்கள்

மழைக்குருவி:
ஜிமெயிலில் படிக்காதவை மட்டும் 14,212. போன வாரம் ஒரு சந்தாவைப் புதுப்பிக்கும் கடைசி நாள் தவறிப்போனது. மெயில் வந்துதான் இருக்கிறது, இரண்டு தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்திருக்கிறது. 23 லேபிள் போட்டுப் பார்த்தேன். எதை எதில் போடுவது என்று யோசிப்பதே தனி வேலையாகிவிட்டது. நட்சத்திரக் குறி வைத்தேன், இப்போது அதுவே 600. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து பக்கத்துக்கு 50 என்று அழித்தேன். அப்படியும் இடம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை போகவில்லை. எங்கே தப்பு?

பழையபென்சில்:
ஐம்பது ஐம்பதாகவா! பாவம். கணினியில் திறந்து, தேவையில்லாததைத் தேடி, பட்டியலின் மேலே உள்ள சின்னக் கட்டத்தை டிக் செய்யுங்கள். இந்தப் பக்கத்தில் 50 தேர்வாகின என்று ஒரு வரி வரும். அதன் கடைசியில், தேடலில் வந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க ஒரு இணைப்பு இருக்கும். நானே நாலு வருஷம் அதைக் கவனிக்கவில்லை. அப்புறம், அழித்தது 30 நாள் டிராஷில் கிடக்கும். அதைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும்.

தூக்கக்கலக்கம்:
இன்பாக்ஸ் நிரம்புவது வேறு, இடம் நிரம்புவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறீர்கள். இலவச 15 ஜிபியை ஜிமெயிலோடு கூகுள் டிரைவும் போட்டோஸும் சேர்ந்துதான் பங்கு போடுகின்றன. வெறும் எழுத்து மெயில் ஆயிரத்தை அழிப்பதைவிட, மெயிலோடு சேர்த்து அனுப்பப்பட்ட ஒரு வீடியோவை அழிப்பது அதிக இடம் தரலாம். தேடல் பெட்டியின் வலது ஓரத்து ஐகானை அழுத்தினால் படிவம் விரியும். அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துப் பாருங்கள். இன்பாக்ஸுக்கு அழிப்பதே தேவையில்லை, மூன்று மாதத்துக்கு முந்தையதை மொத்தமாக ஆர்க்கைவ் செய்துவிடலாம், அதாவது அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து மட்டும் எடுத்துவிடலாம்.

மழைக்குருவி:
ஆர்க்கைவில் போட்ட மெயிலுக்குப் பின்னால் யாராவது பதில் போட்டால்?

தூக்கக்கலக்கம்:
தானாக இன்பாக்ஸுக்குத் திரும்பிவிடும். அந்த உரையாடலை ம்யூட் செய்து வாயடைத்தால்தான் வராது. பழையது வேண்டுமென்றால் தேடினால் கிடைக்கும்.

நடுராத்திரி:
வரும் மெயிலைத் தானாகப் பிரித்துப் போடும் ஃபில்டர் போடப் போகிறீர்களா? நான் பட்டதைக் கேளுங்கள். 'ஆஃபர்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் இன்பாக்ஸைத் தாண்டிப் போகட்டும் என்று வைத்திருந்தேன். எனக்கு வந்த வேலை ஆஃபர் லெட்டரும் சத்தமில்லாமல் போய்விட்டது! சொல்லை வைத்து வேண்டாம், அனுப்புநர் முகவரியை வைத்து மட்டும் போடுங்கள். அதற்கு முன் அன்சப்ஸ்கிரைப், அதாவது விளம்பர மெயில் பட்டியலிலிருந்து விலகுவது. மொத்தமாக விளம்பர மெயில் அனுப்புகிறவர்கள் ஒரே கிளிக்கில் விலக வழி தரவேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 முதல் விதி வைத்திருக்கின்றன. அதனால் முன்போல அலையவிடுவதில்லை. முன்பின் தெரியாத ஆள் அனுப்பியதென்றால் உள்ளே இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள், ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள்.

மழைக்குருவி:
செய்துவிட்டேன். 10 எம்பி தேடலில் முதலில் வந்தது, எனக்கு நானே ஆறு தடவை அனுப்பிய ஒரே 22 எம்பி கோப்பு. வெட்கமாக இருந்தது. டிராஷையும் காலி செய்ததும் எச்சரிக்கை போய்விட்டது. இன்பாக்ஸில் இப்போது 41. அன்சப்ஸ்கிரைப் தினமும் ஐந்து என்று போகிறது. 23 லேபிளில் இரண்டைத்தான் வைத்திருக்கிறேன். நட்சத்திரம் போட்ட 600ஐ மட்டும் இன்னும் தொடவில்லை, பயமாக இருக்கிறது.