பழைய வீட்டுக்காரங்க வச்ச செடிய எல்லாம் எடுக்கணும், ஐடியா சொல்லுங்க

வணக்கம் மக்களே, தாம்பரம் பக்கம் ரீசேல்ல ஒரு வீடு வாங்கிருக்கோம், கார் நிறுத்த முன்பக்க தோட்டத்துல பாதி போயே ஆகணும். வித்தவங்க ரொம்ப வருஷமா ஆசையா வளர்த்திருக்காங்க, சாவி குடுக்கும்போதே அந்தம்மா "பவழமல்லிய மட்டும் வெட்டிராதம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க, அது சரியா கேட்டுக்கு நேரா நிக்குது!

மல்லிகைக்கு பதியன் போட்டாச்சு, முருங்கை போத்து (வெட்டின கிளை) நட்டா வந்துரும். கறிவேப்பிலைதான் தொல்லை, மரத்த எடுத்தாலும் வேர்ல இருந்து பக்கக்கன்னு கெளம்பிட்டே இருக்குமே, மேல கல்லு பதிச்சா தூக்கிடுமா?

அப்புறம் காம்பவுண்ட் ஓரமா வரிசையா செவ்வரளி. இலை, பூ, விதை எல்லாமே விஷம், கண்டதையும் வாயில வைக்கிற வயசுல பையன் இருக்கான், அதுக்கு மட்டும் கருணையே கிடையாது. ஆனா வெட்டினத எரிக்கவும் கூடாது, புகையும் ஆகாது, மாடு மேயுற இடத்துலயும் போட முடியாது, நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

மெயின் டவுட் பவழமல்லிதான். ஆளுயரத்துக்கு மேல இருக்கு, அடித்தண்டு மணிக்கட்டு தடிமன். கவாத்து பண்ணி, அதாவது கிளைய வெட்டி விட்டு, சுத்தி பள்ளம் எடுத்து தாய்மண்ணோட சாக்குல கட்டி பின்பக்கம் மாத்தலாம்னு இருக்கேன், இப்பவே செய்யலாமா இல்ல ஐப்பசி மழை பிடிக்கட்டுமா? ஜேசிபிகாரர் அஞ்சு நிமிஷ வேலைங்கிறாரு, எனக்கு வேர் பிஞ்சிடும்னு பயம். கையால தோண்டுற ஆள் தெரிஞ்சா சொல்லுங்க ப்ளீஸ்.

நந்தியாவட்டை, இட்லிப்பூ வேணுங்கிறவங்க சும்மாவே வந்து எடுத்துக்கலாம், கடப்பாரையும் சாக்கும் கொண்டு வந்துடுங்க.