தோட்டத்து மண்கரை: கசிவு, மறுகால், மரம் – உங்கள் அனுபவம்?

ஏற்காடு, காப்பித் தோட்டம்:
ஓடையை மறித்து அப்பா காலத்தில் போட்ட மண்கரை எங்களுடையது. மாசி, பங்குனியில் காப்பிச் செடி பூப்பதற்காகத் தெளிப்பான் ஓடுவதே இந்தத் தண்ணீரில்தான். போன ஐப்பசி அடைமழையில் காவல்காரர் ஓடி வந்து, “ஐயா, கரையடியில ஊறுது, தண்ணி செம்மண்ணாப் போகுது” என்றார். மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாகக் கசிந்தால் அளவைக் குறித்துவைத்துக் கவனித்து வரலாம். கலங்கி வந்தால் கரையின் உள்மண் அரித்துப் போகிறது என்று பொருள். அரித்து உண்டாகும் அந்தப் பொந்து நீண்டு நீர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் சில மணி நேரத்தில் கரையே இருக்காது.

முதலில் ஓடைக்குக் கீழே லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) இருந்தவர்களை மேட்டுக்கு அனுப்பினோம். பிறகுதான் மதகைத் திறந்தோம். ஊறும் இடத்தில் களிமண்ணை அப்பி அடைக்கலாம் என்றார் ஒருவர். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி வேறிடத்தில் பீறிடும். அதனால் ஆற்றுமணல் கொட்டி, அதன்மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி போட்டோம். தண்ணீர் வெளியேறும், மண் தங்கிவிடும். பொழுது சாய்வதற்குள் கசிவு தெளிந்தது. வடிந்தபின் தோண்டிப் பார்த்தால், கரைக்குள் போகும் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை. அதை ஒட்டியே மண் அரித்திருந்தது. உங்கள் கரைக்குள்ளும் குழாய் இருந்தால் அதன் வயதை விசாரியுங்கள்.

தென்காசிப் பக்கம், தென்னந்தோப்பு:
அண்ணாச்சி, ஆட்களை முதலில் கிளப்பினீர்களே, அதுதான் பெரிய காரியம். நாங்கள் வாங்கிய தோப்புக் குளத்தில், நிறைந்தபின் மிச்ச நீர் வெளியேறும் வழியான மறுகால் வாயில் மணல்மூட்டை அடுக்கி, மீன் தப்பாமல் இருக்க வலையும் கட்டி வைத்திருந்தார்கள். வலையில் சருகு அடைத்துக்கொண்டால் மறுகால் இருந்தும் இல்லாத கணக்குதான். மழைக்கு முன்பே இரண்டையும் பிரித்துப் போட்டோம். ஹவாயில் கவாய் தீவில், கரும்புப் பாசனத்துக்காகக் கட்டிய கலோகோ என்ற தனியார் மண் அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து 7 பேர் இறந்தார்கள். மறுகால் இல்லாமல் போனதால் கரைமேல் நீர் வழிந்ததே காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை அறிக்கை. இன்னும் ஒரு பாய்ச்சலுக்குத் தண்ணீர் கிடைக்குமே என்று மறுகாலை உயர்த்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

தாண்டிக்குடிப் பக்கம், ஓய்வுபெற்ற பொறியாளர்:
தம்பி, கலங்கல் கசிவு கண்டால் மதகைத் திறப்பதுதான் சரி. மற்ற நாட்களில் மட்டும் மெல்ல மெல்ல இறக்குங்கள். நீர்மட்டம் சட்டென்று இறங்கினால், ஊறிய மண்ணைத் தாங்கிப்பிடிக்க எதிரே நீர் இல்லாமல் உள்சரிவு சரிந்துவிடும்.

2018 நவம்பரில் கஜா புயலில் எங்கள் கரையில் நின்ற சில்வர் ஓக் வேரோடு சாய்ந்து, கரையின் ஒரு பகுதியையே பெயர்த்துக்கொண்டு போனது. அதன்பின் அருகம்புல்லைத் தவிர எதையும் அங்கே வளர விடுவதில்லை. புதர் இல்லாவிட்டால்தான் பெருச்சாளி வளையும் நண்டு வளையும் கண்ணில் படும். வளர்ந்த மரத்தை வெட்டினால் அடிவேரையும் எடுத்து, குழியில் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசால் (மண்ணை இறுக்கும் கட்டை) இடிக்க வேண்டும். விட்டுவைத்த வேர் மக்கியதும் அதுவே தண்ணீருக்கு வழியாகிவிடும். இந்த வேலையைக் குட்டை நிறைந்திருக்கும்போது தொடாதீர்கள்.

புதுக் குழாய் போடும்போது கரையின் வெளிப்பக்கப் பகுதியில் அதைச் சுற்றி மணல் வடிகட்டி வையுங்கள். தோண்டிய இடத்தின் படம் இருந்தால் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.