உதவி: பி0155 கோடு, சென்சார் மாற்றியும் விளக்கு அணையவில்லை

கோவை_வண்டி:
அவசரம். செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0155 என்ற எரர் கோடு. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதால் புதிது வாங்கிப் போட்டு, ஸ்கேனரில் அந்த எரர் கோடையும் அழித்தோம். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் மறுபடி அதே கோடு. ஞாயிற்றுக்கிழமை பழனி போக வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

டீசல்பிரியன்:
என்ன வண்டி? எந்த வருடம்? எந்த சென்சாரை மாற்றினீர்கள்?

ஹைவே_ராஜா:
பெட்ரோல்தான் காரணம். எத்தனால் கலக்க ஆரம்பித்ததிலிருந்து சென்சார் எல்லாம் சீக்கிரம் போகிறது. வேறு பங்கில் நிரப்பிப் பாருங்கள்.

22எம்எம்:
பெட்ரோலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பி0155 என்பது சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு. பேங்க் 2 (இரண்டாவது சிலிண்டர் வரிசை), சென்சார் 1. கோடில் இடமே எழுதியிருக்கிறது, அதைப் படிக்காமல் பாகம் வாங்குகிறார்கள். எத்தனை தடவைதான் சொல்வது? வண்டி பெயரைப் போடுங்கள் தம்பி. சாதாரண நாலு சிலிண்டர் என்றால் பேங்க் 2 என்பதே கிடையாது.

கோவை_வண்டி:
மன்னிக்கவும். 2009 ஹோண்டா அக்கார்டு, வி6 (இரண்டு வரிசையாக ஆறு சிலிண்டர்). பின்னால் இருப்பதை மாற்றினார்.

டீசல்பிரியன்:
பின்னால் என்றால் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) தாண்டியா, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஓரமா?

கோவை_வண்டி:
ஃபயர்வால் ஓரம். கை நுழையாத இடம், அரை நாள் வேலை. ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் பேங்க், உள்ளே இருப்பது இரண்டாவது என்றார்.

22எம்எம்:
அங்கேதான் தப்பு. கண்ணுக்கு முதலில் தெரிவது பேங்க் 1 அல்ல. 1ஆம் சிலிண்டர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதுதான் பேங்க் 1. உங்கள் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது; 1, 2, 3 ஃபயர்வால் பக்கம், 4, 5, 6 ரேடியேட்டர் பக்கம். ஆகவே பேங்க் 2 முன்னால். சென்சார் 1 என்பது கன்வெர்ட்டருக்கு முன் இருப்பது, சென்சார் 2 அதற்குப் பின். நல்ல சென்சாரைக் கழற்றிவிட்டீர்கள்.

ஹைவே_ராஜா:
பேங்க் 1 எப்போதும் டிரைவர் பக்கம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேனே?

டீசல்பிரியன்:
அமெரிக்க வீடியோவாக இருக்கும். அங்கே டிரைவர் இடது பக்கம். ஷெவர்லே வி8-இல் 1ஆம் சிலிண்டர் இடது வரிசை, அதனால் அங்கே அது சரி. ஃபோர்டு வி8-இல் வலது வரிசை. இங்கே விற்ற ஃபோர்டு மஸ்டாங்கில் பேங்க் 1 டிரைவர் பக்கம் வரும், அதே இன்ஜின் அமெரிக்காவில் பக்கத்து சீட் பக்கம்.

ஹைவே_ராஜா:
பானெட்டைத் திறந்து முன்னால் நின்று பார்த்தால் இடம் வலமாகிறதே. எந்த இடது?

22எம்எம்:
சீட்டில் உட்கார்ந்து முன்னே பார்க்கும்போது வரும் இடது. இதுகூடத் தெரியாமல் பெட்ரோலைக் குறை சொல்ல வேண்டாம்.

ஹைவே_ராஜா:
தெரியாததைத்தானே சார் கேட்கிறேன். மரியாதையாகச் சொன்னால் என்ன?

டீசல்பிரியன்:
சண்டை வேண்டாம். கோவை நண்பரே, இன்னொரு சென்சார் வாங்கும் முன் இன்ஜின் ஆறியதும் முன்பக்கத்து கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஹீட்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே ஓம்ஸ் பாருங்கள். சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது, வயரிங்கைப் பாருங்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. பி0135-உம் (பேங்க் 1-இல் இதே கோளாறு) சேர்ந்து வந்திருந்தால் ஃப்யூஸைச் சந்தேகிக்கலாம், உங்களுக்கு ஒன்றுதான் வந்திருக்கிறது.

கோவை_வண்டி:
பார்த்தேன், ஓபன்; மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. முன்பக்கத்தில் புதிது போட்டாயிற்று, இருபது நிமிட வேலைதான். மூன்று நாளாக விளக்கு வரவில்லை. நன்றி அண்ணா.

டீசல்பிரியன்:
சந்தோஷம். ஃபயர்வால் பக்கம் முதலில் கழற்றிய பழைய சென்சாரைத் திரும்ப வாங்கிவிட்டீர்களா? அது நல்லதுதான், எறிந்துவிடப் போகிறார்கள்.