ஜிம் ரீவ்ஸ்: இரண்டு ரெக்கார்டிலும் பாடுவது ஒரே ஆளா?

கோட்டாறு_மல்லிகை:

வணக்கம். அப்பா போன ஆடியில் தவறிவிட்டார். அவர் சேர்த்து வைத்த ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் ஜிம் ரீவ்ஸ்தான். டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் ஸ்டார் கட்டுவதற்கு முன்னாலேயே அவருடைய ‘ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்மஸ்’ ஓடத் தொடங்கிவிடும். அதனால் அந்தக் குரல் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே பழக்கம். அவசரமே இல்லாமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நம்மிடம் பேசுகிற மாதிரி இருக்கும்.

நேற்று அடியில் கிடந்த ஒரு தொகுப்பு ரெக்கார்டைப் போட்டேன். முதல் பாட்டு ‘மெக்சிகன் ஜோ’. திடுக்கிட்டுப் போனேன். உரத்த குரல், ஒரே துள்ளல், திருவிழாவில் மேடையேறிப் பாடுகிறவர் மாதிரி. ரெக்கார்டு 45 வேகத்தில் சுற்றுகிறதோ என்று பிளேயரைக் குனிந்து பார்த்தேன். 33-ல்தான் இருந்தது. அட்டையில் ஜிம் ரீவ்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது.

இரண்டும் ஒரே ஆள்தானா? அப்படியென்றால் நடுவில் அந்தக் குரலுக்கு என்ன ஆனது? வயதாகி இறங்கிவிட்டதா?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அவர் 1964-ல் இறந்துவிட்டார் என்று படித்தேன். ஆனால் ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ 1966 என்கிறார்கள். பாடகி பாட்ஸி கிளைனோடு சேர்ந்து பாடிய பாட்டு ஒன்று 1981-ல் வந்திருக்கிறது. அந்த அம்மாவும் அப்போது உயிரோடு இல்லையே! தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபேடர்:

தங்கச்சி, அப்பாவை இழந்ததற்கு வருந்துகிறேன். அந்த ரெக்கார்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள்.

ஒரே ஆள்தான். குரல் வயதாகி இறங்கவில்லை. ‘மெக்சிகன் ஜோ’ 1953-ல் வந்தது. குரல் மாறிய பாட்டு 1957-லேயே வந்துவிட்டது. நான்கே வருடம். மாறியது அவருக்கும் மைக்குக்கும் நடுவில் இருந்த இடைவெளி. பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருடமாகப் பாட்டு ரெக்கார்டிங் செய்கிறேன். இந்த ஒரு விஷயத்துக்காகவே ஜிம் ரீவ்ஸை உயிராக நினைக்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மனிதர் டெக்சஸ்காரர். 1923-ல் பனோலா கவுண்டியில் காலவே என்ற சிற்றூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். முதலில் அவர் ஆசைப்பட்டது பேஸ்பால். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் கீழ்மட்டக் குழுக்களில் பந்து எறிந்தார். நரம்பில் அடிபட்டு அது முடிந்துபோக, ரேடியோவுக்கு வந்தார். லூயிசியானாவில் ஷ்ரீவ்போர்ட் நகரத்து கே.டபிள்யூ.கே.எச். நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. அங்கிருந்து ‘லூயிசியானா ஹேரைடு’ என்ற மேடை நிகழ்ச்சி ஒலிபரப்பாகும். ஒரு ராத்திரி பாட வேண்டியவர் வந்து சேராததால் அறிவிப்பாளரையே பாடச் சொன்னார்கள் என்றும், அப்படித்தான் பாடகரானார் என்றும் ஒரு கதை உண்டு. வராமல் போனவர் யார் என்பதில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

அப்புறம் ஆபட் என்ற சின்ன கம்பெனியில் ‘மெக்சிகன் ஜோ’ பாடினார். கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமியப் பாட்டு வகைக்கான பட்டியலில் முதலிடம். அடுத்து ‘பிம்போ’, அதுவும் முதலிடம். இரண்டும் நீங்கள் சொன்ன அதே மேடைக் குரல்தான். அந்தக் காலத்துக் கன்ட்ரி பாட்டில் ஃபிடிலும் (வயலின்தான்) ஸ்டீல் கிட்டாரும் முன்னால் நிற்கும். அதைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்றால் பாடகர் குரலை உயர்த்தித்தான் ஆக வேண்டும். 1955-ல் ஆர்.சி.ஏ. விக்டர் என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ மேடைக்கும் அதே வருடம் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் ஆரம்பத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

1957-ல் ‘ஃபோர் வால்ஸ்’ வந்தது. பிரிந்துபோன காதலை நினைத்து நாலு சுவருக்குள் உட்கார்ந்திருக்கிற பாட்டு. ஒரு பெண் பாடுவதற்காக எழுதப்பட்டது. நான்தான் பாடுவேன் என்று இவர் விடாப்பிடியாக நின்றார். ரெக்கார்டிங்கைக் கவனித்தவர் கிட்டார் மேதை செட் அட்கின்ஸ். ரீவ்ஸ் உதடு மைக்கைத் தொட்டுவிடும் அளவுக்கு நெருங்கி, சுருதியை இறக்கி, மெதுவாகப் பாடினார். ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் ஒதுங்கின. பின்னால் ஜோர்டனேர்ஸ் குழுவின் ஹம்மிங் வந்தது. கம்பெனியில் இதற்கு முணுமுணுப்பு இருந்தது, அட்கின்ஸ் அவர் பக்கம் நின்றார். பாட்டு கன்ட்ரியில் முதலிடம், பாப் பட்டியலில் 11. நாஷ்வில் சவுண்டு என்று பின்னால் பேசப்பட்ட மென்மையான பாணிக்கு வழி போட்டவற்றில் இதுவும் ஒன்று.

நெருங்கிப் பாடினால் குரல் ஏன் மாறுகிறது என்று கேட்பீர்கள். ஒரு பக்கத்தை மட்டும் கேட்கும் மைக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. வாய் பக்கத்தில் வர வர, குரலின் அடிப்பகுதி, நாங்கள் பேஸ் என்று சொல்வது, தானாகவே ஏறும். எங்கள் ஸ்டுடியோவில் சர்ச் பாடகர் குழுப் பெரியவர் ஒருவர் கோவிலில் பாடுகிற மாதிரியே மைக்குக்கு இரண்டடி தள்ளி நின்று முழங்கிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்தேன். மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் நாலு விரல்கடை வைத்து, “ஐயா, பேத்தியைத் தூங்க வைக்கிற மாதிரி பாடுங்க” என்றேன். பாடியதைத் திரும்பக் கேட்டவர், “எந்த பட்டனைப்பா திருகின?” என்று கேட்டார். ஒன்றையும் தொடவில்லை.

ஆனால் கிட்டே போனால் எந்தத் தப்பும் ஒளியாது. மூச்சு கேட்கும், எச்சில் விழுங்குவது கேட்கும், ‘ப’ வருகிற இடமெல்லாம் காற்று மைக்கில் போய் டொம்மென்று மோதும். ரீவ்ஸிடம் இதெல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது. அவர் ரேடியோவில் அறிவிப்பாளராக இருந்தவர் என்பதுதான் இதற்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டில் தனியாக இருக்கிற ஒருவரிடம் பேசுகிற மாதிரி பேசுவதுதானே அந்த வேலை.

இதன் உச்சம் ‘ஹீல் ஹேவ் டு கோ’. 1959 அக்டோபரில் நாஷ்வில் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோவில் பதிவானது. எழுதியவர்கள் ஜோ அலிசன், ஆட்ரி அலிசன் தம்பதி. ஆட்ரிக்கு மெல்லிய குரல். போனில் பேசினால் கணவருக்குச் சரியாகக் கேட்காது, வாயைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள் என்பாராம். அதிலிருந்து பிறந்த பாட்டு. ஒருவன் மதுக்கடையிலிருந்து காதலியைக் கூப்பிடுகிறான். அவள் பக்கத்தில் வேறொருவன் இருக்கிறான். போனுக்கு இன்னும் நெருங்கி வா என்கிறான், இங்கே ஓடுகிற ஜூக்பாக்ஸின் (காசு போட்டால் பாடும் பெட்டி) சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்கிறான். மைக்கோடு ஒட்டிப் பாடுகிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்குமா! சத்தத்தைத் தாழ்த்து என்கிற அந்த இடத்தில் மெட்டும் கீழே இறங்கும், கவனியுங்கள். முதலில் பில்லி பிரவுன் என்பவர் பாடி, அது எடுபடவில்லை. ரீவ்ஸின் ரெக்கார்டிலும் கம்பெனி முன்பக்கமாக நினைத்தது வேறு பாட்டைத்தான். ரேடியோக்காரர்கள் திருப்பிப் போட்டார்கள். 1960-ல் கன்ட்ரியில் 14 வாரம் முதலிடம், பாப் பட்டியலில் 2. ஃபிளாய்டு கிரேமரின் பியானோ, மார்வின் ஹியூஸின் வைப்ரஃபோன், அனிதா கெர் குழுவின் கோரஸ். எல்லோரும் வாசிக்கிறார்கள், ஒருவர்கூட அவர் பேச்சில் குறுக்கிடவில்லை. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

செத்த பிறகு வந்த பாட்டுகளைப் பற்றி ரெக்கார்டு சேர்ப்பவர்கள் யாராவது எழுதினால் நல்லது.

மாமாங்கம்_மட்டுநகர்:

வணக்கம். அந்தப் பகுதியை நான் சொல்கிறேன். எங்கட ஊரிலும் ஜிம் றீவ்ஸ் இல்லாத நத்தார் (கிறிஸ்மஸ்) கிடையாது. இலங்கையில் அவரைத் தெரியாத வீடு குறைவு. என்னிடம் அவருடைய இசைத்தட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன.

1964 யூலை 31. ஆர்கன்சோவிலிருந்து நாஷ்வில்லுக்குத் தன் சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தைத் தானே ஓட்டி வந்துகொண்டிருந்தார். கூட இருந்தவர் அவருடைய பியானோக்காரரும் மனேஜருமான டீன் மானுவல். நகரத்தை நெருங்கும்போது இடி மழைக்குள் அகப்பட்டு, பிரென்ட்வுட் பக்கம் காட்டுக்குள் விழுந்தது. அந்தப் பகுதியில் குடியிருந்த பாடகர் மார்ட்டி ரொபின்சும் தேடப் போனார். இரண்டு நாள் தேடித்தான் கண்டெடுத்தார்கள். நாற்பத்தொரு வயது முடிய மூன்று கிழமை (வாரம்) கூட இல்லை. டெக்சஸில் கார்த்தேஜ் அருகே அடக்கம் செய்தார்கள்.

அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஆர்.சி.ஏ.யில் கடைசிப் பதிவு நடந்தது. திட்டமிட்ட பாட்டுகள் முடிந்தும் நேரம் மிஞ்சியிருந்ததால், இன்னொன்று பாடுவோம் என்று அவராகவே கேட்டு ‘ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ’ பாடிவிட்டுப் போனார். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனத்துவிடும்.

அவர் நிறையப் பாடிச் சேர்த்து வைத்திருந்தார். மனைவி மேரி றீவ்ஸ் அந்த நாடாக்களைக் கவனமாகப் பேணி, கம்பெனியோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டார். ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ அதில் ஒன்று. சிண்டி வோக்கர் எழுதிய பாட்டு, மாதிரிக்காகத்தான் பாடி வைத்தார். இது சனங்களிடம் எடுபடாது என்று அப்போது கம்பெனி விட்டுவிட்டது. அவர் போன பிறகு அந்தக் குரலுக்கு மேலே வாத்தியங்களைச் சேர்த்து 1966-ல் விட்டார்கள். வியட்நாம் யுத்த காலம். தூரத்தில் முரசு கேட்கிறது, போக வேண்டி வரும், அதற்குள் என்னைக் கலியாணம் செய்துகொள் என்று ஒரு படைவீரன் சொல்கிற பாட்டு. அமெரிக்கக் கன்ட்ரியில் முதலிடம். இங்கிலாந்தில் ஐந்து கிழமை முதலிடம். உயிரோடு இருந்தபோது ‘ஐ லவ் யூ பிகாஸ்’, ‘வெல்கம் டு மை வேர்ல்ட்’ எல்லாம் அங்கே முதல் பத்துக்குள் வந்தனவே தவிர, முதலிடம் அவருக்கு அங்கே கிடைத்தது இதற்குத்தான்.

பாட்ஸி கிளைனோடு அவர் ஒரே ஸ்டூடியோவில் நின்று அந்தப் பாட்டைப் பாடவில்லை. பாட்ஸியும் 1963 மார்ச்சில் விமான விபத்தில்தான் போனவர். ‘ஹேவ் யூ எவர் பீன் லோன்லி’யை இருவரும் தனித்தனியாகப் பாடியிருந்தார்கள். இரண்டு நாடாவிலிருந்தும் குரலை மட்டும் பிரித்தெடுத்து, வேகத்தையும் சுருதியையும் பொருத்தி, புது இசை வாசித்து 1981-ல் வெளியிட்டார்கள். கன்ட்ரியில் 5-ம் இடம் வரை போனது. எனக்கு அதில் விருப்பமில்லை. ஒருவர் பாடுவது மற்றவர் காதில் விழாமல் பாடிய பாட்டு என்பது எனக்குக் கேட்கும்போதே தெரிகிறது.

ஃபேடர்:

நன்றி அண்ணாச்சி. இந்த ஒன்றில் மட்டும் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை. அப்படிக் குரலைப் பிரித்தெடுக்க முடிந்ததே அந்த நாளைய ரெக்கார்டிங்கின் சுத்தத்தால்தான். மூன்று டிராக் டேப், அதாவது ஒரே டேப்பில் தனித்தனியாக மூன்று பதிவுத் தடம், குரலுக்குத் தனி டிராக், மற்ற வாத்தியம் அதில் அதிகம் கசியாமல் நெருங்கிப் பாடிய மனிதர். மேடைக் குரலில் இரண்டடி தள்ளி நின்று பாடியிருந்தால் இது நடந்திருக்காது.

தென்னாப்பிரிக்காவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அங்கே அவருக்குப் பெரிய கூட்டம். ஆஃப்ரிகான்ஸ் மொழியிலேயே பாடி ரெக்கார்டு போட்டார், ‘கிம்பர்லி ஜிம்’ என்று ஒரு படத்திலும் நடித்தார். தெரியாத மொழியை உச்சரிப்புக் கேட்டுக் கேட்டுப் பாடியும் அந்த நிதானம் குறையவில்லை.

கோட்டாறு_மல்லிகை:

அண்ணன்மார் இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று ராத்திரி ஹெட்போன் போட்டு ‘ஹீல் ஹேவ் டு கோ’ கேட்டேன். இத்தனை வருடம் ஹால் ஸ்பீக்கரில் கேட்டதுதான். காதுக்குள் கேட்டபோது, ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் அவர் காத்திருக்கிறார் என்பது புரிந்தது. எதிர்முனையில் அவள் பதில் சொல்வாளா என்று காத்திருக்கிறார். நமக்கு அவள் குரலே வராது. மூன்று தடவை கேட்டும் அந்த இடத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று காலை ‘மெக்சிகன் ஜோ’வை மறுபடியும் ஸ்பீக்கரில் போட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “இதை உங்கப்பா போடவே விடமாட்டாங்க. எனக்கு இதுதான் பிடிக்கும்” என்றார். வீட்டில் இந்தப் பாட்டு இருந்ததே எனக்கு நேற்று வரை தெரியாது. அம்மா உட்கார்ந்து முழுவதும் கேட்டுவிட்டு, ஊசியைத் திரும்ப முதலில் வைக்கச் சொன்னார்.