எர்ன்டேல் நண்பர்கள் குழு: வீட்டுல போட்ட ரீஸ்லிங் (வெள்ளைத் திராட்சை) வைன் ஏன் தெளியல?

தினேஷ்: அண்ணே, நயாகரா ரீஸ்லிங் ஜூஸ் வாளி வாங்கிப் போட்டது, 23 லிட்டர். பொங்குறது நின்னு ஒரு மாசம் ஆச்சு. இன்னும் மோர்த்தண்ணி மாதிரி நிக்குது. தெளிய வைக்கிற பாக்கெட் ரெண்டு வாங்கி வச்சிருக்கேன். ஊத்திடவா?

சேகர் அண்ணே: பொறு. ஹைட்ரோமீட்டர், அதான் அடர்த்தி பாக்குற மானி, என்ன சொல்லுது?

தினேஷ்: 0.994. நாலு நாளா அசையல.

சேகர் அண்ணே: சரி, சர்க்கரை முடிஞ்சுது. சின்ன பாட்டில்ல பாதி எடுத்து, கட்டைவிரலால வாயை அடைச்சுக் குலுக்கிட்டு விடு. புஸ்ஸுன்னு வருதா?

தினேஷ்: நல்லாவே வருது 😅

சேகர் அண்ணே: அப்ப கேஸ் உள்ளயே இருக்கு. நீ எதை ஊத்தினாலும், அடில இறங்குற தூளை அந்தக் குமிழி திரும்ப மேல தூக்கிடும். முதல்ல அடிமண்டியை விட்டுட்டு சைஃபன்ல வேற கார்பாய்க்கு (பெரிய வைன் ஜாடிக்கு) மாத்து. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கால் டீஸ்பூன் கரைச்சு விடு, இல்லாட்டி கலக்குறப்ப காத்து பட்டு நிறம் மாறும். டிரில்ல மாட்டுற கலக்கி இருக்குல்ல? மெதுவான வேகத்துல ரெண்டு நிமிஷம், திசையை மாத்தி மாத்தி. ஒரு மணி நேரம் விட்டு மறுபடி. வைன் 20 டிகிரிக்குக் குறையக்கூடாது. பேஸ்மென்ட் குளிர்ல கேஸ் வெளிய வராது.

மாலா அக்கா: கேஸ் போனதுக்கப்புறமும் ஒரு வாரம் விட்டுப் பாருங்க தம்பி. பாதிக் கலங்கல் அதுலயே இறங்கிடும். இறங்கலைன்னா என்ன கலங்கல்னு கண்டுபிடிச்சுட்டு மருந்து போடுங்க. ரெண்டு சின்ன பாட்டில்ல வைன் எடுத்து, ஒண்ணை 80 டிகிரி வெந்நீர்ல ரெண்டு மணி நேரம் வைங்க, மூடி தளர்வா இருக்கட்டும். ஆறினதும் இன்னொண்ணோட வெளிச்சத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சூடு பண்ணினது கூடுதலா கலங்கியிருந்தா புரதம்.

கார்த்திகா: அக்கா, என்னோடது பீச் வைன். அதுக்கும் இதே டெஸ்ட்தானா?

மாலா அக்கா: பீச்னா முதல்ல பெக்டினை, அதான் பழத்துல இருக்கிற பசையை, சந்தேகப்படணும். ஒரு பங்கு வைன், நாலு பங்கு மெதிலேட்டட் ஸ்பிரிட், சின்னக் கண்ணாடில கலந்து அப்படியே வை. இழை இழையா, கட்டி கட்டியா திரண்டா பெக்டின். அதைக் குடிச்சுடாதே, விஷம், நேரா சிங்க்ல கொட்டு. புரதத்தை இறக்குற பெண்டோனைட்ங்கிற களிமண் பெக்டினுக்கு உதவாது, அதை உடைக்கிற பெக்டிக் என்சைம்தான் வேணும். ஆல்கஹால் ஏறின பிறகு அது மந்தமாத்தான் வேலை செய்யும், அதனால சூடான இடத்துல வச்சு ரெண்டு மூணு வாரம் காத்திரு. பெண்டோனைட்டை அதோட சேர்த்துப் போடாதே, என்சைமும் புரதம்தான், களிமண் அதையும் பிடிச்சுக்கிட்டு இறங்கிடும்.

தினேஷ்: அக்கா, சூடு பண்ணினது பயங்கரமா கலங்கிடுச்சு.

சேகர் அண்ணே: அப்ப பெண்டோனைட்தான். உன் பாக்கெட் ரெண்டும் ஓரமா இருக்கட்டும். வைன்ல புரதத்துக்கு நேர் மின்னூட்டம், களிமண்ணுக்கு எதிர். ரெண்டும் ஒட்டிக்கிட்டு இறங்கும். 20 கிராம் பெண்டோனைட், 400 மி.லி. வெந்நீர். தண்ணியைக் கலக்கிக்கிட்டே தூளைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூவு. தூள் மேல தண்ணியை ஊத்தினா கட்டி விழும், அந்தக் கட்டியோட நடுவுல ஈரமே ஏறாது. ஒரு நாள் ஊறட்டும், கூழ் மாதிரி ஆயிடும்.

தினேஷ்: மொத்தத்தையும் ஊத்தணுமா?

சேகர் அண்ணே: அங்கதான் எல்லாரும் கெடுத்துக்கிறாங்க. கூடினா ரீஸ்லிங்கோட வாசனையும் சேர்ந்து போயிடும். நாலு கிளாஸ்ல 100 மி.லி. வைன் எடு. கூழ் 0.5, 1, 1.5, 2 மி.லி.ன்னு சிரிஞ்ச்ல விட்டுக் கலக்கு. அதாவது லிட்டருக்குக் கால் கிராம், அரை, முக்கால், ஒண்ணு. மறுநாள் மேல தெளிஞ்சதை காபி ஃபில்டர் பேப்பர்ல வடிச்சு, மறுபடி 80 டிகிரி டெஸ்ட். கலங்காம நிக்கிறதுல எது குறைஞ்ச அளவோ அதை எடுத்துக்கோ.

தினேஷ்: 1 மி.லி. போட்டது கலங்கல. 0.5 லேசா மங்கல்.

சேகர் அண்ணே: அப்ப 23 லிட்டருக்கு 230 மி.லி. கூழ். ஊத்துறதுக்கு முன்னாடி நல்லாக் கலக்கிக்கோ, இல்லாட்டி களிமண் பாத்திரத்து அடிலயே தங்கிடும். வைன்ல விட்டதும் ரெண்டு நிமிஷம் சுத்தி விடு. ஒரு வாரம், பத்து நாள். மண்டி தளதளன்னு இருக்கும், ஒரு லிட்டருக்கு மேல போயிடும், அதுக்காகச் சைஃபன் குழாயை அடிவரைக்கும் விட்டு உறிஞ்சிடாதே.

ஜோசப் அங்கிள்: இவ்வளவு எதுக்குப்பா? கடைல விக்கிற ஜெலட்டினை ஒரு ஸ்பூன் போட்டா முடிஞ்சுது.

மாலா அக்கா: வெள்ளை வைன்ல டானின் (திராட்சைத் தோல், விதைல இருந்து வர்ற துவர்ப்பு) கம்மி அங்கிள். ஜெலட்டினுக்குப் பிடிச்சு இறங்க ஆள் இருக்காது. அதுவே புரதம், மிச்சம் உள்ள நின்னு புதுக் கலங்கலைக் கொடுக்கும். 23 லிட்டருக்கு ஒரு ஸ்பூன் ரொம்ப அதிகம், கொஞ்சமாப் போடுறதா இருந்தாலும் கூடவே கீசெல்சாலும் (சிலிக்கா கரைசல்) வேணும்.

தினேஷ்: என் பாக்கெட்ல ஒண்ணு கீசெல்சால், இன்னொண்ணு கைட்டோசான்னு போட்டிருக்கு.

மாலா அக்கா: பெண்டோனைட்டுக்கு அப்புறமும் மெல்லிய மங்கல் இருந்தா மட்டும் அதை எடுங்க. கீசெல்சால் முதல்ல, மெதுவாக் கலக்கி ஒரு மணி நேரமாவது விடுங்க, அப்புறம் கைட்டோசான். ரெண்டையும் சேர்த்து ஊத்தினா ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு வைனை விட்டுடும். பெண்டோனைட் இல்லாம இந்தப் பாக்கெட்டை மட்டும் போட்டு இப்போ பளிச்சுன்னு ஆனாலும், புரதம் மிச்சமிருந்தா கோடைல பாட்டில்லயே கலங்கும்.

கார்த்திகா: கைட்டோசான் எதுல இருந்து வருது? எங்க வீட்டுல மாமியார் சுத்த சைவம், ஆனா பீச் வைன் ஒரு வாய் கேப்பாங்க 🙈

மாலா அக்கா: பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டுல இருந்து. காளான்ல எடுத்ததும் கிடைக்குது, லேபிளைப் பாரு. ஐசிங்கிளாஸ்னு தெளிய வைக்கிற இன்னொண்ணு இருக்கு, அது மீனோட காத்துப்பை. பெண்டோனைட், கீசெல்சால் ரெண்டும் மண்ணும் மணலும்தான், அவங்களுக்குத் தாராளமாக் கொடுக்கலாம். இறால் ஒத்துக்காதவங்க வந்தாலும் முன்கூட்டியே சொல்லிடு.

தினேஷ்: அண்ணே, அடில கண்ணாடித் துகள் மாதிரி ஏதோ மினுங்குது?

சேகர் அண்ணே: டார்டாரிக் உப்பு, குளிர்ல படியும். அது கலங்கல் இல்ல, விட்டுடு. கிளாஸைச் சுத்தினா பட்டு நூல் மாதிரி நெளிஞ்சு, புளிச்ச வாடையும் வந்தா மட்டும் உடனே கூப்பிடு. அது பாக்டீரியா, தெளிய வைக்கிற இந்தப் பொருளை நம்பி அதை விட்டுடாதே.